சிதம்பரம் பஸ்ஸில் ஆறாவது மாடி

உலகத்தில் தூரம் என்று ஒன்று இருந்ததாகவும், அது அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணியோடு முடிந்துவிட்டதாகவும், முடித்துவைத்தவன் தானே என்றும் ரெமிஜியஸ் அறிவித்தான். அறிவிக்கும்போது சிரிக்கவில்லை. சிரிக்கிற விஷயமும் இல்லை. கப்பல், ரயில், விமானம் என்று ஆளாளுக்கு முயன்று பார்த்தும் தூரத்தைக் கொஞ்சம் சுருக்கத்தான் முடிந்தது. தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் உட்கார்ந்தபடி அதை அடியோடு ஒழித்தது இதுவே முதல் தடவை என்பதில் அவனுக்குச் சந்தேகம் கிடையாது.

ஆபீசில் இருந்த ஒன்பது பேரில் எட்டுப் பேர் கைதட்டினார்கள். ஒன்பதாவது ஆள் முபாரக். அவர் கையில் டீ கிளாஸ் இருந்தது. டீ கிளாஸை ஒரு காரணமாக ரெமிஜியஸ் ஏற்கவில்லை. கீழே வைத்துவிட்டுத் தட்டியிருக்கலாம்.

அது பெரியநாயகசாமி நடத்திவந்த வரைபட ஆபீஸ். வளைகுடா நாடுகளில் எழும்பும் கட்டடங்களுக்குள் ஏ.சி. குழாய் எந்தச் சுவரில் நுழைந்து எந்தச் சுவரில் வெளியே வர வேண்டும் என்று இங்கே கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்புவார்கள். 2013ஆம் வருஷத் தொடக்கத்தில் கையில் இருந்தது மஸ்கட்டில் ஒரு பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரி. மஸ்கட்டைப் படத்தில்கூடப் பார்க்காதவர்களுக்கும் அந்த ஆஸ்பத்திரியின் கக்கூஸ் வரை அத்துப்படி. படங்கள் அத்தனையும் சர்வர் ரூமில் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குள் நாலு ஹார்டு டிஸ்க், பெட்டிக்கு மேல் வேளாங்கண்ணி மாதா படம். ரூம் சாவி சிஸ்டம் இன்சார்ஜ் ரெமிஜியஸ் இடுப்பில்.

ஆபீசுக்கு வராமல் வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் மூன்று பேர். அதில் முக்கியமானவள் சீர்காழி லின்சி. ஆறாவது மாடி, அதாவது ஆபரேஷன் தியேட்டர்கள் இருக்கிற மாடி, அவள் பொறுப்பு. அந்த மாடியில் அவளைப்போல் குழாய் போட ஆபீசில் ஆள் இல்லை. அவள் அப்பா ஜோஸ்வாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். வீட்டில் வேறு ஆளில்லை. தஞ்சாவூருக்குப் போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி என்றால் நடக்கிற காரியமா?

இதுவரை படங்கள் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது முபாரக் புண்ணியத்தில். அய்யம்பேட்டைக்காரர். சவூதி தம்மாமில் ஏழு வருஷம் ஒரு சைட் ஆபீசில் பிளான் கட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் வழி சுலபமானது. லின்சிக்கு வேண்டிய படங்களை ஒரு சின்ன ஹார்டு டிஸ்கில் ஏற்றுவார். அதை ஒரு ஈரிழைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ச் சிதம்பரம் பஸ் கண்டக்டர் கையில் கொடுப்பார். பிறகு லின்சிக்குப் போன் போட்டு வண்டி நம்பரும் நேரமும் சொல்வார். பக்கத்து வீட்டு அக்காவை அப்பா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு அவள் சீர்காழி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வாங்கிக்கொள்வாள். டெல்டாவில் மருந்தும் கல்யாணப் பத்திரிகையும் மறந்துவைத்த கண்ணாடியும் இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன. ஆஸ்பத்திரியும் போனது.

ரெமிஜியஸுக்கு இது பொறுக்கவில்லை. திருச்சியில் மூன்று வருஷம் நெட்வொர்க் படித்தவன் அவன்.

"பாய், நீங்க ஆபீஸ்ல வேலை பாக்குறீங்களா, பார்சல் சர்வீஸ் நடத்துறீங்களா?" என்பான்.

"ரெண்டும்தான் தம்பி" என்பார் முபாரக்.

சொல்லப்போனால் அவனை உறுத்தியது பஸ் அல்ல, அதற்குப் பிறகு வரும் போன். டிஸ்க் கைக்கு வந்ததும் லின்சி முபாரக்கைக் கூப்பிடுவாள். "வந்துடுச்சுண்ணே" என்று தொடங்குவது அப்பாவின் மாத்திரை, மழை, பக்கத்து வீட்டுச் சண்டை என்று போகும். ஒருநாள் ரெமிஜியஸ் கடிகாரம் பார்த்தான். பதினொரு நிமிஷம். அவனிடம் அவள் பேசிய அதிகபட்சம் நாற்பது விநாடி. அதிலும் "சார்", "சரிங்க சார்", "வச்சிடறேன் சார்" என்று மூன்று சார் போய்விட்டால் மிச்சம் ஒன்றும் தேறாது. முபாரக்குக்கு வயது முப்பத்தாறு, கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள், லின்சியைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறார். எல்லாம் ரெமிஜியஸுக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. எரிகிற வயிறு யாருடைய ரேஷன் கார்டையும் வாங்கிப் பார்ப்பதில்லை.

போன மாதம் நிலைமை முற்றியது. திரும்பி வந்த டிஸ்கோடு இறால் ஊறுகாய் பாட்டில் ஒன்றும் வந்தது. அதில் வெள்ளைத் தாள் ஒட்டி, 'முபாரக் அண்ணனுக்கு' என்று எழுதியிருந்தது. டீ போடுகிற ஆரோக்கியம் அக்கா உட்பட ஆபீசே தொட்டுச் சாப்பிட்டது. ரெமிஜியஸ் மட்டும் டிஸ்கை மோந்து பார்த்து, உப்பு ஏறினால் சர்க்யூட் அரித்துவிடும் என்றான்.

"உனக்குத்தான் தம்பி ஏறுது" என்றாள் ஆரோக்கியம் அக்கா.

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். மூன்று வாரத்தில் வழி போட்டுவிட்டான். வீட்டில் இருப்பவர் தன் கம்ப்யூட்டரில் ஒரு பாஸ்வேர்டைத் தட்டினால் போதும். அவர் வீட்டு இன்டர்நெட்டுக்கும் ஆபீஸ் கறுப்புப் பெட்டிக்கும் நடுவில் கமுக்கமாக ஒரு பாதை திறக்கும். ஆபீசில் உட்கார்ந்திருப்பதைப்போலவே எந்தப் படத்தையும் திறக்கலாம், திருத்தலாம், மூடலாம். அந்தச் செவ்வாய்க்கிழமை எல்லோரையும் நிற்கவைத்து, ஸ்பீக்கர் போனில் லின்சியைக் கூப்பிட்டு, பெட்டியிலிருந்து அவளுடைய பழைய லீவ் லெட்டரைத் திறக்கச் சொன்னான்.

"தொறந்துடுச்சு சார்!"

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"ஒரு மூணு செகண்டு."

அப்போதுதான் தூரம் ஒழிந்தது. பெரியநாயகசாமி அவன் முதுகில் தட்டினார். கைதட்டல் ஓய்ந்ததும் முபாரக் டீயை ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார்.

"லீவ் லெட்டர் சரி தம்பி. ஆஸ்பத்திரி வருமா?"

"பாதை போட்டாச்சு பாய். சைக்கிள் போற ரோட்ல லாரி போகாதா?"

முபாரக் கிளாஸைக் கழுவப் போய்விட்டார். மத்தியானத்துக்குள் சர்வர் ரூம் கதவில் ஒரு நோட்டீஸ் ஏறியது. இன்று முதல் எந்த ஹார்டு டிஸ்கும் இந்த வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடவடிக்கை எடுக்கப்படும். கீழே ரெமிஜியஸின் கையெழுத்து. ஊறுகாயைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. பெரியநாயகசாமி அதை மட்டும் அடிக்கச் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை காலை லின்சி கூப்பிட்டாள்.

"சார், ஒரு பச்சைக் கோடு ஓடிக்கிட்டே இருக்கு சார்."

"ஓடட்டும்."

"நாப்பத்தெட்டு நிமிஷமா ஓடுது சார்."

"பெரிய ஃபைல்ல அப்படித்தான். தொடாம இருங்க."

அவள் தொடவில்லை. மின்வாரியம் தொட்டது. அந்த வருஷம் கரெண்ட் இரண்டு மணி நேரம் இருக்கும், இரண்டு மணி நேரம் போகும். ஆபீசில் ஜெனரேட்டர் ஓடியது. சீர்காழி வீட்டில் இன்வெர்ட்டர் அப்பாவின் மின்விசிறிக்கே சரியாக இருந்தது. லின்சியின் லேப்டாப் பேட்டரியில் மூன்று மணி நேரம் தாங்கும், இன்டர்நெட் மோடத்துக்குத்தான் பேட்டரி கிடையாது. ஆறாவது மாடிப் படம் மட்டும் ஒன்றேகால் ஜி.பி. ஆபீஸ் இன்டர்நெட் இழுக்கிற இழுப்புக்கு அது போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். கரெண்ட் இருப்பதோ இரண்டு மணி நேரம். பச்சைக் கோடு மூன்றில் இரண்டு பங்கு போனதும் கரெண்ட் நிற்கும், வந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும். கணக்குத் தெரிந்த யாருக்கும் இந்தக் கோடு எந்தக் காலத்திலும் கரையேறாது என்பது புரிந்துவிடும். ரெமிஜியஸுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும். புதன் சாயங்காலமே புரிந்துவிட்டது.

ஆனால் யாரிடம் சொல்வது? சொன்னால் முபாரக் ஜெயித்துவிடுவார். ஜெயித்ததாகக் காட்டிக்கொள்ளக்கூட மாட்டார். அது இன்னும் மோசம்.

வெள்ளிக்கிழமை படத்தை ஒன்பது துண்டாக வெட்டி அனுப்பிப் பார்த்தான். சனிக்கிழமை காலை ஒன்பதும் போய்ச் சேர்ந்தன. லின்சி ஒட்டிப் பார்த்தாள். ஆறாவது மாடி தனியாகத் திறக்காதாம். ஐந்தாவதையும் ஏழாவதையும் கேட்டது. அதற்குள் மஸ்கட்காரன் ஐந்தாவது மாடியில் ஒரு சுவரைத் தள்ளிப் போட்டுவிட்டான்.

"தம்பி, நான் வேணா குடுத்து வுடட்டுமா? ஒரு மணி வண்டி இருக்கு" என்றார் முபாரக். குரலில் கேலி கொஞ்சமும் இல்லை. ரெமிஜியஸ் தேடிப் பார்த்தான், இல்லை.

"வேணாம் பாய். கொஞ்சம் டியூன் பண்ணினா சரியாயிடும்."

சொல்லிவிட்டு சர்வர் ரூமுக்குள் போய், பஸ்ஸில் போய்வரும் சின்ன டிஸ்குகளை எண்ணினான். தனக்குத் தெரியாமல் முபாரக் ஒன்றை அனுப்பிவிடுவாரோ என்ற பயம். ஆறும் இருந்தன. திரும்பி வரும்போது முபாரக் போனில் பேசிக்கொண்டிருந்தார். "முதுகுல புண்ணு வராம பாத்துக்கம்மா. எங்க வாப்பாவுக்குத் தண்ணிப் படுக்கை வாங்கிப் போட்டோம்ல, அது சும்மாதான் கெடக்கு, அனுப்பட்டுமா?" என்றார். எதிர்முனையில் யார் என்று கேட்க வேண்டியதில்லை. ஒரு டிஸ்க்கூடப் போகவில்லை, ஆனாலும் போன் வருகிறது! ரெமிஜியஸ் தன் நாற்காலியில் உட்கார்ந்து, தான் லின்சியிடம் இதுவரை என்னவெல்லாம் கேட்டிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தான். பாஸ்வேர்ட் கேட்டிருக்கிறான். மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது என்று கேட்டிருக்கிறான்.

திங்கட்கிழமை பெரியநாயகசாமி எல்லோர் முன்னாலும் ஸ்பீக்கரில் லின்சியைக் கூப்பிட்டார்.

"லின்சி, ஆறாவது மாடி எங்கம்மா நிக்குது?"

"இன்னும் முழுசாத் தொறக்கலை சார்."

"புதன் சாயந்தரம் மஸ்கட்டுக்குப் போயாகணும். வியாழன் வெள்ளி அவனுக்கு லீவு, அதுக்கு மேல ஒரு நாள் தர மாட்டேன்னுட்டான். போகலைன்னா இந்த வீட்டு வேலையையெல்லாம் நிறுத்திட வேண்டியதுதான். வர்றவங்க இங்க வந்து உக்காரட்டும்."

"சார், நான் எப்படி சார்... அப்பாவை வுட்டுட்டு."

"எனக்குத் தெரியும்மா. மஸ்கட்காரனுக்கு ஒங்க அப்பாவைத் தெரியாதே."

அவள் மெதுவாகக் கேட்டாள்.

"முன்னாடி மாதிரி பஸ்ல அனுப்ப முடியாதா சார்?"

பெரியநாயகசாமி ரெமிஜியஸைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். ரெமிஜியஸின் நாக்கு வரைக்கும்கூட அது வந்தது. ஆனால் கதவோரத்தில் முபாரக் நின்றுகொண்டிருந்தார், கையில் அதே டீ கிளாஸோடு.

"அவசியமில்லை சார். நாளைக்குள்ள வந்துடும்" என்றான் ரெமிஜியஸ்.

ஐந்து நிமிஷம் கழித்து அவனுடைய செல் அடித்தது. லின்சி. அவளாக அவன் நம்பருக்குக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

"சார், நீங்க உண்மையைச் சொல்லுங்க. வருமா, வராதா?"

"டிரை பண்ணிக்கிட்டு..."

"வராதுன்னா வராதுன்னு சொல்லிடுங்க சார். கோவிச்சுக்க மாட்டேன். இங்க ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்க ஆள் கேட்டாங்க. நாளைக்குள்ள சொல்லணும். இந்த வேலை நிக்கும்னு தெரிஞ்சா அதைப் புடிச்சுக்குவேன். அப்பா மருந்து இருக்குல்ல."

ஆபரேஷன் தியேட்டருக்குக் காற்று அனுப்புகிறவள் ஜெராக்ஸ் கடைக்குப் போகப்போகிறாள். ரெமிஜியஸ், "நாளை மத்தியானம் வரைக்கும் பொறுங்க" என்றான். அவள் சரி என்றாள். சார் சொல்ல மறந்துவிட்டாள். வைத்த பிறகு பார்த்தான், நாலு நிமிஷம் பேசியிருக்கிறாள். அந்த நாலு நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை முபாரக் லீவு. கூத்தாநல்லூரில் மச்சினிக்குக் கல்யாணம். ரெமிஜியஸ் எட்டு மணிக்கே ஆபீசுக்கு வந்து, சர்வர் ரூமைத் திறந்து, பன்னிரண்டு மாடியையும் ஒரு சின்ன டிஸ்கில் ஏற்றினான். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. சுற்ற ஈரிழைத் துண்டு இல்லை. தன் கைக்குட்டையில் சுற்றி, பஞ்சு உறையில் போட்டு, நாலு பக்கமும் டேப் ஒட்டினான். பழக்க தோஷத்தில் மேலே சர்வரின் விலாசமான ஐ.பி. எண்ணை எழுதிவிட்டான். அடித்துவிட்டு, 'லின்சி, சீர்காழி' என்று எழுதினான். அதைச் சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக்கொண்டு, நோட்டீஸ் ஒட்டிய கதவைப் பூட்டினான். படியில் ஆரோக்கியம் அக்கா விளக்குமாறோடு எதிரே வந்தாள்.

"வந்ததும் வராததுமா சோத்து மூட்டையைத் தூக்கிக்கிட்டு எங்க தம்பி?"

"பேங்குக்கு."

"பேங்குல சாப்பாடு இல்லையாக்கும்."

ரெமிஜியஸ் இரண்டிரண்டு படியாக இறங்கினான்.

புது பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. கண்டக்டர் தங்கையன் படிக்கட்டில் நின்று, "கும்மோணம், மாயவரம், சீர்காழி, செதம்பரம்" என்று கூவிக்கொண்டிருந்தார். ரெமிஜியஸ் இரண்டு தடவை பக்கத்தில் போய் இரண்டு தடவை திரும்பிவந்தான். மூன்றாவது தடவை பையைத் திறந்தான்.

"இது சீர்காழிக்கு. ஒரு பொண்ணு வந்து வாங்கிக்கும்."

தங்கையன் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தார். "லின்சிப் பொண்ணுக்கா? இது நம்ம பாய் சரக்காச்சே. ஒரு வாரமா ஆளையே காணோம், ஒடம்புக்கு ஏதாச்சுமோன்னு நெனச்சேன். அது சரி, நீங்க யாரு?"

ஆபீஸின் சிஸ்டம் இன்சார்ஜ் என்று சொல்லலாம். தூரத்தை ஒழித்தவன் என்று சொல்லலாம். இந்தக் கண்டக்டருக்குக்கூட அந்த மனுஷனைத்தான் தெரிந்திருக்கிறது. பின்னால் ஒரு பாட்டியம்மாள் கூடையோடு ஏற வழி கேட்டு இடித்தாள். டிரைவர் ஆரன் அடித்தார்.

"பாய் அனுப்பிச்ச ஆளு" என்றான் ரெமிஜியஸ்.

"அப்படிச் சொல்லுங்க! பாய் டிரைவருக்குப் பின் சீட்டுக்கு அடியில வைக்கச் சொல்வாரு. எஞ்சின் சூடு படாது. நீங்க எங்க வைக்கச் சொல்றீங்க?"

"அவர் சொல்ற எடத்துலயே வைங்க."

வண்டி நம்பரையும் நேரத்தையும் லின்சிக்கு மெசேஜ் அடித்தான். யார் அனுப்பியது என்று எழுதவில்லை. பஸ் நகர்ந்து வளைவில் மறையும்வரை நின்றான். மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றான்.

மத்தியானம் ஒன்றரைக்கு முபாரக் கூப்பிட்டார். பின்னால் கல்யாண வீட்டுச் சத்தம்.

"தம்பி, நான் இங்க சஹன் தட்டுல மூணு பேரோட கையைப் போட்டு உக்காந்திருக்கேன். லின்சி கூப்பிட்டு, 'அண்ணே, டிஸ்க் வந்துடுச்சு, கல்யாணத்துலகூட மறக்காம அனுப்பிட்டீங்களே'ன்னு அழுவுது. நான் எப்பப்பா அனுப்பினேன்?"

எத்தனை நிமிஷம் பேசினாள் என்று கேட்க ரெமிஜியஸுக்கு வாய் துடித்தது. கேட்கவில்லை.

"அப்படித்தான் இருக்கட்டுமே பாய். நீங்க ஒண்ணும் சொல்லிக்காதீங்க."

"சரி" என்றார் முபாரக். "ஆனா தம்பி, அவ முடிச்சதைத் திருப்பி வாங்கணுமே. அங்கேருந்து ஏத்துற வேகம் இதைவிட மோசமா இருக்குமே. நாளைக்கு மத்தியானம்தான் நான் வருவேன்."

ரெமிஜியஸ் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"பாய், காலையில செதம்பரத்துலேர்ந்து வர்ற மொத வண்டி இங்க எத்தனை மணிக்கு வரும்?"

"பத்தே முக்கால். அதுல குடுத்து வுடச் சொல்லி லின்சிகிட்ட சொல்லிடறேன். ஆனா மெயின் கேட்ல நிக்காதீங்க, அங்க நின்னா வண்டி உள்ள போயிடும். டீக்கடைப் பக்கமா நில்லுங்க. கண்டக்டர் கையை ஆட்டுவாரு, நீங்களும் ஆட்டணும்."

புதன்கிழமை பத்தரை மணிக்கெல்லாம் ரெமிஜியஸ் டீக்கடைப் பக்கம் நின்றிருந்தான். அரியலூர் வண்டி வந்தது, பட்டுக்கோட்டை வண்டி வந்தது. பதினொன்றாகியும் சிதம்பரம் வண்டியைக் காணவில்லை. வழியில் எங்கோ ரோட்டில் உளுந்துச் செடியைக் காயப் போட்டிருக்கிறார்கள், வண்டியெல்லாம் ஊர்ந்துதான் வருகிறது என்று டீக்கடைக்காரர் சொன்னார். பதினொன்றேகாலுக்கு அது தூசியோடு திரும்பியது. படிக்கட்டில் தொங்கிய கண்டக்டர் யாரையோ தேடிக் கையை ஆட்டினார்.

ரெமிஜியஸ் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டான். தெரிந்த முகம் எதுவும் இல்லை. கையைத் தூக்கி ஆட்டினான்.